காதில் விழுந்த நெல்

தம்பலகாமம் என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது வயல்தான். கந்தளாய்க் குளத்து நீர் பாய்ந்து பெரும்போகமும் சிறுபோகமும் விளையும் மண். கொஞ்சம் விசாரித்தவர்கள் ஆதிகோணநாயகர் கோயிலைச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் வாசித்தவர்கள் எங்கள் குடாவில் கிடைத்த தட்டைச் சிப்பியைச் சொல்வார்கள். ஒளி ஊடுருவும் ஓடு அதற்கு. அதன் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு முத்துகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி இந்தியச் செல்வந்தர்கள் வெற்றிலையோடு மென்றார்கள் என்று எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தன் இலங்கை பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். அதற்குச் சற்று முன்னர், இலங்கையில் பிறந்த இராணுவ வைத்தியரான கெலாட் அந்தச் சிப்பியின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினார். ஆக, ஒரு வைத்தியர் எங்கள் ஊரை ஆராய்ச்சிக்கென எடுத்துக்கொண்டது சிப்பிக்காகத்தான். எங்கள் காதுக்காக அல்ல.

நான் எழுத வந்தது காதைப் பற்றி. என்னுடைய இடது காதில் இருந்து தொடங்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எனக்கு ஏழு வயது. சூடு மிதிக்கும் காலம். அப்போது மெசின் கிடையாது. எருமைகளைப் பிணைத்துக் களவெட்டியில் சுற்றவிட்டு மிதிப்பார்கள். இரவிரவாக வேலை நடக்கும். வாப்பாவோடு காவலுக்குப் போகும் சிறுவர்கள் வைக்கோலில் புரண்டு விளையாடி அங்கேயே உறங்கிவிடுவோம். அப்படி ஓர் இரவில் என் காதுக்குள் ஒரு நெல் போனது. தானாகப் போனதா, நான் தள்ளினேனா என்று இன்றைக்கு வரைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. விடியும்போது காது அடைத்திருந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

"தண்ணி ஊத்து புள்ள, மிதந்து வெளிய வந்துரும்" என்று உம்மாவிடம் சொன்னது உம்மம்மா. சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பொலி தூற்றும் ஊரில் பதர் தண்ணீரில் மிதக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதைநெல்லைச் சாக்கோடு ஊறவைத்தால் அது பருக்கும் என்பதும் அதே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். என் காதுக்குள் இருந்தது பதர் அல்ல. நல்ல முற்றிய நெல். இளஞ்சூட்டுத் தண்ணீர் மூன்று முறை உள்ளே போனது. நெல் வரவில்லை. மறுநாள் ஒரு பரியாரியார் பார்த்தார், பிறகு ஒரு டிஸ்பென்சரியில் பீச்சுக்குழலால் இன்னும் தண்ணீர் அடித்தார்கள். நான்காம் நாள் நெல், சீழோடும் இரத்தத்தோடும் வெளியே வந்தது. செவிப்பறையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒரு டொக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் "காது ஓடுது" என்பதே எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயர்.

ஓடும் காதோடு பள்ளிக்கூடம் போவது எப்படி என்று நான் விவரிக்கப் போவதில்லை. பக்கத்தில் உட்கார மறுத்தவர்கள் இருந்தார்கள். உம்மா தினமும் விடிய முன்னரும் பின்னேரமும் பஞ்சைத் திரித்து என் காதைத் துடைத்துவிடுவார். வயது வந்த பிறகும் அது நிற்கவில்லை. அந்தப் பஞ்சுத் திரியைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற பின்னர், நூலகமொன்றில் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவியின் சத்திரசிகிச்சை நூலை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். 1973இல் ஸ்பிங்க், லூயிஸ் என்ற இருவர் அரபு மூலத்தோடு ஆங்கிலத்தில் பதிப்பித்தது. ஸஹ்ராவி ஸ்பெயினில் கொர்தோபாவுக்கு அருகில் 936 அளவில் பிறந்து 1013 அளவில் மறைந்தவர். 'அத்-தஸ்ரீஃப்' என்ற அவருடைய பெருநூல் முப்பது பகுதிகள் கொண்டது. கடைசிப் பகுதி சத்திரசிகிச்சை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் அதை லத்தீனுக்குக் கொண்டுபோனார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் சத்திரவைத்தியர்கள் அதை வைத்துப் படித்தார்கள். இவையெல்லாம் நம் மீலாத் மலர்களில் வருடா வருடம் வருகிற தகவல்கள்தான். நானும் எழுதியிருக்கிறேன், புத்தகத்தைப் பார்க்காமலே.

காதுக்குள் விழும் பொருள்கள் பற்றி அதில் தனி அத்தியாயம் ஒன்று இருக்கிறது. விழக்கூடியவற்றை நான்கு வகையாக அவர் பிரிக்கிறார்: கல், கண்ணாடி, இரும்பு போன்றவை, கடலை, அவரை போன்ற வித்துகள், தண்ணீர், காடி போன்ற திரவங்கள், உயிருள்ள பூச்சிகள். கல்லுக்கு முதலில் இளஞ்சூட்டு எண்ணெய் விட்டுக் காதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து நோயாளியைத் தும்ம வைக்கச் சொல்கிறார். காதை மேல்நோக்கி இழுப்பது ஏன் என்றால், வளைந்திருக்கும் செவிக்குழாய் அப்போது நேராகும். இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் காதுக்குள் பார்க்கும் வைத்தியர் முதலில் செய்வது அதைத்தான். அதற்கும் வராவிட்டால் மெல்லிய கொக்கி. அதற்கும் வராவிட்டால் ஒரு செப்புக் குழாயை உள்ளே வைத்து, சுற்றிவரக் காற்றுப் புகாமல் மெழுகால் அடைத்து, பலமாக உறிஞ்ச வேண்டும்.

வித்துக்கு வரும்போது அவர் எச்சரிக்கையாகிவிடுகிறார். வித்து ஊதிப் பருக்கும். ஆகவே முன்சொன்ன வழிகளில் வராத வித்தை மெல்லிய கத்தியால் காதுக்குள்ளேயே சிறு துண்டுகளாக்கித்தான் எடுக்க வேண்டும் என்கிறார். அதுவும் காதின் ஈரத்தில் அது இளகிவிட்டது என்று நிச்சயமான பிறகு.

நூலகத்தின் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்குப் பெருமை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே எழுதப்பட்ட ஒரு விஷயம் அது. அதை எழுதியவரின் பெயரைத் தெரிந்த ஊரில், அவர் எழுதியது யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

ஓர் இடத்தில் சிரிப்பும் வந்தது. காதுக்குள் தண்ணீர் போனால், விரல் நீளத்தில் வழுவழுப்பான கல்லைச் சூடாக்கிக் காதில் வைத்து, அந்தப் பக்கத்துக் காலால் நொண்டியடித்துக் குதிக்கச் சொல்கிறார். குளத்தில் குளித்துவிட்டு வெயிலில் காய்ந்த கல்லைக் காதில் பொத்திக்கொண்டு ஒற்றைக் காலில் நாங்கள் குதித்த குதிப்பு அப்படியே அதுதான். கொர்தோபாவில் இருந்து தம்பலகாமத்துக்கு அது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் போன காதும் வெயிலில் கிடக்கும் கல்லும் எல்லா ஊரிலும் உண்டு.

இப்படித் தொடங்கிய வாசிப்பு என்னை இன்னும் பின்னால் கொண்டுபோனது. அபூபக்ர் அர்-ராஸி 925 அளவில் மறைந்தவர். காது, மூக்கு, தொண்டை என்று பார்த்தால் அவருடைய பெயர் பெரும்பாலும் ஒரு சிறு கட்டுரைக்காகவே சொல்லப்படுகிறது. அபூ ஸைத் அல்-பல்கி என்ற அறிஞருக்கு வசந்த காலத்தில் ரோஜாவை முகர்ந்தால் மூக்கு ஒழுகித் தடிமன் பிடிக்கும். அது ஏன் என்பதே அக்கட்டுரையின் விஷயம். குறிப்பிட்ட ஒரு பருவத்தில், குறிப்பிட்ட ஒன்றை முகர்ந்தால், குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் மூக்கு ஒழுகுவதை ஒரு வைத்தியர் கவனித்து எழுதியது வைத்திய வரலாற்றில் முக்கியமான சங்கதி. ரோஜாவா அல்லது அதே பருவத்தில் பறந்த வேறு மகரந்தமா என்று இன்றைய வைத்தியர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

ராஸியிடம் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. மனிதர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். தனக்கு முந்தியவர்கள் சொன்னதை எழுதி, அதன் கீழே தான் கண்டதைத் தனியாக எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு அந்தக் குறிப்புகள் அவருடைய சகோதரியிடம் இருந்ததாகவும், இப்னுல் அமீத் என்ற அமைச்சர் பணம் கொடுத்து அவற்றை வாங்கி மாணவர்களைக் கொண்டு தொகுப்பித்ததாகவும் சொல்லப்படுகிறது. அதுதான் 'அல்-ஹாவி'. 1279இல் அது லத்தீனுக்குப் போனது. நமக்குப் பக்கத்தில், ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் 1955 முதல் இருபத்துமூன்று பாகங்களாக அதன் அரபு மூலத்தை அச்சிட்டது. மூன்றாவது பாகம் முழுக்கக் காது, மூக்கு, பல் நோய்கள்தான். இது தவிர அவருடைய மாணவர்கள் திரட்டிய நோயாளர் குறிப்புகள் ஏறத்தாழ 900 உண்டு. இன்னாருக்கு இந்த நோய், இது கொடுத்தேன், இப்படி ஆனது என்ற வகைச் சிறு குறிப்புகள்.

அல்-ஹாவியில் மூளைச் சவ்வு அழற்சி போன்ற ஒரு நோயைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ராஸி ஒரு காரியம் செய்ததாக எழுதுகிறார். நோயின் முன்னறிகுறி கண்டவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் குத்தி எடுத்திருக்கிறார். இன்னொரு கூட்டத்தாருக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டிருக்கிறார், முடிவைத் தெரிந்துகொள்வதற்காக. இரத்தம் எடுத்தவர்கள் தப்பினார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அந்த முடிவு இன்றைய அறிவுக்குப் பொருந்தாது. யாரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்பதையும் அவரே தெரிவு செய்திருப்பார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. என் மருந்தினால் குணமானதா, சும்மா விட்டிருந்தாலும் குணமாகியிருக்குமா?

இதே குணத்தைத் தொண்டை விஷயத்திலும் பார்க்கலாம். டொன்சில் வீங்கினால் நோயாளியை வெயில் வெளிச்சத்தில் உட்கார வைத்து, தலையை மடியில் சாய்த்து, நாக்கை ஒரு கருவியால் அழுத்தி, கொக்கியால் சதையை இழுத்து வெட்டுவதை ஸஹ்ராவி படிப்படியாகச் சொல்கிறார். இரத்தம் பெருகினால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. கருவிகளின் படங்களும் இருக்கின்றன. அங்கே ஒரு சம்பவம். அடிமைப் பெண்ணொருத்தி கத்தியால் தன் தொண்டையை வெட்டிக்கொண்டாள். அழைத்துப் போனார்கள். மூச்சுக்குழாயில் இருந்து காற்று போய்க்கொண்டிருந்தது. பெரிய இரத்தக்குழாய்கள் அறுபடவில்லை. தைத்துவிட்டார். குரல் கரகரத்தது தவிர வேறு கேடு இல்லாமல் அவள் பிழைத்தாள். இதிலிருந்து மூச்சுக்குழாயைத் திறப்பது ஆபத்தில்லை என்று அவர் முடிவு கட்டுகிறார். முன்னோர் பலர் அதைத் தொடவே அஞ்சியிருந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, அதே ஸ்பெயினில் இப்னு ஸுஹ்ர் அந்தக் கேள்வியை ஓர் ஆட்டிடம் கேட்டார். ஆட்டின் மூச்சுக்குழாயை வெட்டித் திறந்து, புண்ணைத் தேன் கலந்த நீரால் கழுவி வர, அது ஆறியது; ஆடு நெடுநாள் வாழ்ந்தது.

இவர்களை வானத்தில் ஏற்றிவைக்க நான் விரும்பவில்லை. நான்கு கலப்புகள் உடம்பை ஆள்கின்றன என்ற கிரேக்கக் கொள்கையை எல்லோரும் நம்பினார்கள். காது ஓடுவதற்கு மூளையிலிருந்து வழியும் கழிவு காரணம் என்று எண்ணிய காலம் அது. இப்னு ஸீனாவின் 'அல்-கானூன்' மூன்றாம் நூலில் காதுக்குச் சொட்டுவிடும் மருந்துகள் வரிசையாக இருக்கின்றன. எந்தச் சொட்டு எதைவிட நல்லது என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. இரத்தம் குத்துவதில் ராஸி கேட்ட கேள்வியை, ஓடும் காதைப் பார்த்துக் கேட்க இன்னும் ஆயிரம் வருடங்கள் தேவைப்பட்டன. பெயர்களை மனனம் செய்து ஒப்புவிக்கிற நம்முடைய கட்டுரைகளில் எனக்குள்ள சலிப்பும் இதுதான். அவர்கள் கண்டுபிடித்தவற்றை எண்ணுகிறோமே தவிர, தம்மைத்தாமே சந்தேகித்ததைச் சொல்வதில்லை.

இடைப்பட்ட காலத்தைத் தாண்டி ஒருவரிடம் மட்டும் நிற்கிறேன். லண்டனில் ஜோசப் டொயின்பீ என்ற காது வைத்தியர் இருந்தார். இறந்தவர்களின் காதுகளை ஏறத்தாழ 2000 அறுத்துப் பார்த்தவர். உயிரோடு இருக்கும்போது அந்த மனிதர் என்ன சொன்னார், இறந்த பின்னர் காதுக்குள் என்ன இருந்தது என்று பொருத்திப் பார்ப்பது அவர் முறை. ஓட்டை விழுந்த செவிப்பறைக்கு மெல்லிய ரப்பர் வட்டத்தை வெள்ளிக் கம்பியில் கோத்துச் செயற்கைப் பறை செய்து 1853இல் வெளியிட்டார். காது இரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோபோமையும் ஹைட்ரோசயனிக் அமிலத்தையும் தானே முகர்ந்து பார்த்தார். 1866 ஜூலையில் தன் அறையில் அப்படி ஒரு பரிசோதனையின்போதே இறந்துபோனார். முந்திய பரிசோதனைகளின் குறிப்புகள் பக்கத்தில் கிடந்தன.

காது இரைச்சல் என்றதும் உம்மம்மா ஞாபகம் வருகிறார். எங்கள் பகுதி மலேரியாக் காய்ச்சலின் பழைய வீடு. 1934, 35இல் நாட்டை உலுக்கிய பெருங்காய்ச்சல் தென்மேற்கின் ஈரப் பக்கத்தைத்தான் மோசமாகத் தாக்கியது. எங்களைப் போன்ற வரண்ட பிரதேசத்துக்காரர்களுக்குக் காய்ச்சல் வருடாந்த விருந்தாளி. கொயினாத் தண்ணீர் குடித்தால் காதுக்குள் சில்வண்டு கத்தும் என்று உம்மம்மா சொல்வார். கிழவியின் கற்பனை என்று நினைத்திருந்தேன். இல்லை. கொயினா உட்காதைத் தொடுகிற மருந்து. இரைச்சலும் காது மந்தமும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபோது நான் நினைத்தது அந்தச் சில்வண்டைத்தான்.

மருந்தே காதைக் கெடுக்கும் என்பதை உலகம் சரியாகக் கவனித்தது காசநோயின்போது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்த புதிதில் பிரித்தானியாவில் அது மிகச் சொற்பமாகவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. அந்தத் தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஓர் ஒப்பீடு நடத்தி 1948இல் முடிவை வெளியிட்டது. 107 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை வைத்தியர் தெரிவு செய்யவில்லை. ஒஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளிவிவரக்காரர் ஒழுங்கில்லா எண்களால் தீர்மானித்து உறையில் மூடி வைத்தார். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும் பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். ராஸியின் கேள்விக்கு ராஸியிடம் இல்லாதிருந்த துலாக்கோல் அது. மருந்து பெற்றவர்களில் பலருக்குத் தலைச்சுற்று வந்ததும் அதே அறிக்கையில் இருக்கிறது. உடம்பைச் சமநிலையில் வைத்திருக்கும் உட்காதின் பகுதியை ஸ்ட்ரெப்டோமைசின் சிதைக்கிறது. அந்த மருந்தின் இனத்தைச் சேர்ந்த வேறு சில மருந்துகள் காதுச் சொட்டாகவும் விற்கப்படுகின்றன. செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்கு அவற்றை விடுவதில் வைத்தியர்கள் தயங்குவது இதனால்தான். கடையில் "காதுக்கு ஒரு மருந்து தாங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

இனிப் பஞ்சுத் திரி.

நாட்பட்டு ஓடும் காது ஏழைகளின் நோய். உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6½ கோடி முதல் 33 கோடி வரையானோருக்குக் காது ஓடுவதாகவும், அவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கேள்விக் குறைவு இருப்பதாகவும் மதிப்பிட்டது. எண்ணிக்கையில் உள்ள இந்த அகலமே யாரும் சரியாக எண்ணவில்லை என்பதற்குச் சாட்சி. ஓடும் காதைப் பஞ்சுத் திரியால் உலரத் துடைப்பது நெடுங்காலமாக எல்லா நாட்டிலும் சொல்லப்பட்டுவந்த சிகிச்சை. செலவில்லை, ஆபத்தில்லை, தாய் ஒருத்தி வீட்டிலிருந்தே செய்யலாம். அதனால் பயன் உண்டா என்பதைக் கென்யாவின் கியாம்பு மாவட்டத்தில் பார்த்தார்கள். 145 ஆரம்பப் பாடசாலைகள், ஐந்து முதல் பதினைந்து வயது வரையான 524 பிள்ளைகள். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு நான்கு முறை துடைப்பது மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் துடைத்து, நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டும் குடிக்கும் மருந்தும். மூன்றாவது பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. முடிவு 1996இல் 'லான்செட்' இதழில் வந்தது. பதினாறு வாரத்தில், மருந்தும் பெற்ற பிள்ளைகளில் 51 சதவீதத்தினருக்குக் காது ஓடுவது நின்றிருந்தது. துடைத்தது மட்டுமான பிள்ளைகளில் 22 சதவீதம். ஒன்றும் செய்யாத பிள்ளைகளில் 22 சதவீதம்.

அந்த இரண்டு 22களையும் நான் பலமுறை பார்த்தேன். உம்மா மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. விடிய முன்னர் அடுப்படி விளக்கு வெளிச்சத்தில் என் தலையை மடியில் சாய்த்து, காதை மேலே இழுத்துப் பிடித்து, ஒரு திரி, இரண்டாவது திரி, நாற்றம் போகும்வரை மூன்றாவது திரி. தன்னந்தனியே அது காதை உலர்த்தாது என்று எண்கள் சொல்கின்றன. துடைத்த காதில்தான் சொட்டு உள்ளே இறங்கும் என்பதும் உண்மை. எங்களுக்குத் துடைக்கக் கிடைத்தது, சொட்டு கிடைக்கவில்லை. உம்மாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் கென்யாவில் ஒன்றும் செய்யாமல் விடப்பட்ட அந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால், இன்றைக்கும் தாய்மாரிடம் திரியை மட்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தாலும் மனம் சங்கடப்படுகிறது. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வரலாற்றை வாசிக்க வேண்டியிருக்கிறது.

உம்மம்மாவின் பூண்டெண்ணெயும் இந்தத் துலாக்கோலில் ஏறியிருக்கிறது. இஸ்ரேலில் நடந்த, 2001இல் வெளியான ஓர் ஆய்வில், காதுவலியோடு வந்த 103 பிள்ளைகளுக்கு வெள்ளைப்பூண்டும் வேறு மூலிகைகளும் ஒலிவ எண்ணெயில் சேர்த்த சொட்டு ஒரு பாதியினருக்கும், மரக்கச் செய்யும் ஆங்கில மருந்துச் சொட்டு மறு பாதியினருக்கும் கொடுக்கப்பட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வலியைத் தணித்தன. உம்மம்மா வென்றார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் சும்மா விடப்பட்ட மூன்றாவது பிரிவு அதில் இல்லை. காதுவலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே குறையும் என்பதால், இரண்டு சொட்டும் வேலை செய்தனவா, இரண்டும் செய்யவில்லையா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. பறை ஓட்டையான காதுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. அது வேறு கதை.

கென்ய ஆய்வோடு விஷயம் முடிந்துவிடவும் இல்லை. 2020ஐ ஒட்டி கொக்ரேன் அமைப்பினர் ஓடும் காது பற்றிய ஆய்வுகள் எல்லாவற்றையும் திரட்டி நிறுத்துப் பார்த்து, சொட்டு மருந்தாகட்டும், காதைச் சுத்தம் செய்வதாகட்டும், சான்றுகளின் உறுதி மிகக் குறைவு என்றே எழுதினார்கள். இத்தனை கோடிப் பேரின் நோய்க்கு இத்தனை சொற்பமான ஆராய்ச்சி. பணக்கார நாடுகளில் அந்த நோய் அருகிப்போனது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் காது உலர்ந்தது. சொட்டு மருந்தும், காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டதும்தான் உதவின. செவிப்பறையை ஒட்டுப்போட்டு மூடும் சத்திரசிகிச்சையை 1950களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் வுல்ஸ்டைனும் ஸோல்னரும் நிலைநிறுத்தினார்கள். இன்று அது நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. எனக்கும் செய்யலாம் என்றார்கள். வயதைச் சொல்லித் தள்ளிப்போட்டேன். கேள்விப் பரிசோதனைத் தாளில் வலது காதின் கோடு மேலே போகிறது, இடது காதின் கோடு கீழே கிடக்கிறது. கூட்டங்களில் என் இடப்பக்கம் உட்கார்ந்து பேசியவர்கள் என்னைக் கர்வக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

போன வருடம் அறுவடைக் காலத்தில், எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளையொன்று காதுக்குள் பாசிப்பயறைத் தள்ளிவிட்டது. இப்போது வெட்டு மெசின் வயலிலேயே நெல்லைச் சாக்கில் கொட்டிவிடுகிறது, களவெட்டியில் உறங்கும் சிறுவர்கள் இல்லை. ஆனால் அடுப்படியில் பயறு இருக்கிறது. தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். ஊரில் காது விஷயமென்றால் என்னிடம் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. "ஒண்டும் ஊத்தாதீங்க மகள், தண்ணியும் வேணாம், எண்ணெயும் வேணாம், கிண்டவும் வேணாம்" என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றித் திருகோணமலைக்கு நானும் போனேன். அங்கே இளம் டொக்டர் ஒருவர் பிள்ளையின் தலையைத் தாதியின் மடியில் சாய்த்து, காதை மேலே இழுத்து, மெல்லிய கொக்கியை உள்ளே விட்டார். கொக்கி எனக்குப் பழக்கமானது. ஸஹ்ராவியின் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். ஒரே இழுப்பில் வரவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது.

டொக்டர் அதைக் கடதாசியில் வைத்துத் தாயிடம் காட்டினார். பயறு தோல் வெடித்து இரண்டு மடங்காக ஊதியிருந்தது. என்னிடம் வருவதற்கு முன்னரே வீட்டில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.